பாய்ப்படகு வாழ்க்கையும் ஜீவனோபாயமும்

கரையில் வீடு வைத்துக்கொண்டு விடுமுறைக்கு விடுமுறை பாய் விரிப்பவர்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஒரு சிறு பாய்மரப் படகையே வீடாகவும் வாகனமாகவும் கொண்டு, ஆண்டு முழுவதும் அதிலேயே உண்டு உறங்கி, காற்றின் பருவங்களை அனுசரித்து ஒரு சமுத்திரத்திலிருந்து மற்றொரு சமுத்திரத்துக்குச் சென்றுகொண்டிருக்கும் மக்கள், சென்ற நூறாண்டுகளுக்கு மேலாக மேலை நாடுகளில் ஒரு தனிச் சமூகமாகவே உருவாகி வந்திருக்கிறார்கள். அவர்களுள் செல்வர்களும் உண்டு; எனினும் தச்சர், ஆசிரியர், எழுத்தாளர், ஓய்வுபெற்ற இராணுவத்தார் என நடுத்தர நிலையில் உள்ளவர்களே அதிகம். காற்றுக்கு விலையில்லை என்பது மெய்தான். பாய்த்துணிக்கும் கயிற்றுக்கும் நங்கூரச் சங்கிலிக்கும் ஒரு மூட்டை மாவுக்கும் விலை உண்டு. ஆகவே இவ்வாழ்க்கையில் நாட்டங்கொண்ட எவரும் புயலைப் பற்றியும் திசை காணும் சாஸ்திரத்தைப் பற்றியும் யோசிப்பதற்கு முன்னரே, பணம் எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கு விடை தேடியாகவேண்டும். அவ்விடைகளுள் முக்கியமானவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழிகளை ஆராயப் புகுமுன் அவற்றை அளப்பதற்கு ஒரு கோல் வேண்டும். எவ்வளவு பணம் வருகிறது என்பதையே பலரும் கோலாகக் கொள்கிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டென்பது என் துணிபு: அந்தப் பணம் படகோட்டியை எந்தத் தேதியில் எந்தத் துறையில் வந்து நிற்கச் சொல்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியில் ஜூன் முதல் நவம்பர் முடியச் சூறாவளிக் காலம். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கானரித் தீவுகளிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்வதற்குரிய காற்று, ஆண்டு முடியும் தறுவாயில்தான் நிலைபெறுகிறது. இவை கடல் தானே வகுத்த கெடுக்கள். இவற்றுக்குள்ளும், வானம் தெளியும்வரையில் நான்கு நாளோ நான்கு வாரமோ நங்கூரத்தில் கிடந்து காத்திருக்கும் சுதந்திரமே சிறு படகில் செல்வோருக்குத் தலையாய பாதுகாப்பு. அந்தச் சுதந்திரத்தை விலையாகக் கேட்கும் பணம் எவ்வளவு பெரிதாயினும் அபாயகரமானது. அதைத் தொடாமல் விடும் பணம் எவ்வளவு சிறிதாயினும் உத்தமமானது.

தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகை முதன்முதல் வலம் வந்த ஜாஷுவா ஸ்லோக்கம் இவ்விஷயத்திலும் முன்னோடியே ஆவார். நோவாஸ்கோஷியாவில் 1844-ல் பிறந்து, பெரிய வணிகப் பாய்க்கப்பல்களுக்குத் தலைவராக விளங்கிய அவர், நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்ட காலத்தில் வேலையற்று நின்றார். அப்போது திமிங்கில வேட்டைக் கப்பலொன்றின் முன்னாள் தலைவரான நண்பர், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஃபேர்ஹேவன் என்னும் ஊரில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டு மக்கிக்கொண்டிருந்த 'ஸ்ப்ரே' என்ற பழம் படகை அவருக்கு இனாமாகக் கொடுத்தார். பதின்மூன்று மாதம் உழைத்துப் பலகைக்குப் பலகை மாற்றி அதைப் புதுப்பித்ததில், மரத்துக்கும் சாமான்களுக்கும் ஆன செலவு 553 டாலர் 62 சென்ட் என்று அவர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். மீன்பிடித்துப் பிழைக்கலாமென்று ஒரு பருவம் முயன்றார், அத்தொழில் கைவரவில்லை. பிறகு 1895 ஏப்ரல் 24-ல் பாஸ்டனைவிட்டுப் புறப்பட்டு, 46,000 மைல் கடந்து, 1898 ஜூன் 27-ல் நியூபோர்ட் துறையை அடைந்தார்.

அந்த மூன்று ஆண்டுகளில் அவர் பொருளீட்டிய விதங்கள் தனியே ஆராயத் தக்கவை. டியெரா டெல் ஃபுவேகோவின் தனித்த குடா ஒன்றில், எங்கோ உடைந்த கப்பலின் சரக்காகக் கரையொதுங்கிக் கிடந்த மாட்டுக்கொழுப்புப் பீப்பாய்களைத் தம் படகில் ஏற்றிக்கொண்டார். யுவான் ஃபெர்னாண்டஸ் தீவில், மாவுப் பண்டங்களைக் கொழுப்பில் பொரித்தெடுக்கும் பக்குவத்தைத் தீவினருக்குக் கற்பித்து, கூடவே கொழுப்பையும் விற்றார். அவர்கள் விலையாகக் கொடுத்த புராதன நாணயங்களைப் பிற்பாடு சேகரிப்பாளர்களிடம் முகமதிப்புக்கு மேலாகவே மாற்றிக்கொண்டார். மெல்போர்ன் துறைமுகத்தில் வரி கேட்டபோது, படகைப் பார்க்க வந்தவர்களிடம் ஆளுக்கு ஆறு பென்ஸ் வாங்கி அதை ஈடுசெய்தார். கூட்டம் குறைந்ததும் ஒரு சுறாவைப் பிடித்து, அதைக் காட்டி ஆறு பென்ஸ் வாங்கினார். ஆஸ்திரேலியாவிலும் மொரீஷியஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் சபைகளில் தம் பிரயாணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். புறப்படும்போது பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவதாகச் செய்துகொண்ட ஏற்பாடு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஊர் திரும்பிய பின்னர் 'செஞ்சுரி' என்னும் சஞ்சிகையில் தொடராக வெளிவந்து 1900-ல் நூலாகிய பிரயாண சரித்திரமே பெரிய சம்பாத்தியமாக அமைந்தது. இவற்றுள் ஒன்றேனும் அவரை இன்ன நாளில் இன்ன துறையில் இருந்தாகவேண்டுமென்று நிர்ப்பந்திக்கவில்லை. பிரசங்கம்கூட அவர் வந்து சேர்ந்த பிறகே ஏற்பாடாயிற்று.

சம்பாத்தியத்தைச் சொன்ன வாயால் அவருடைய சிக்கனத்தையும் சொல்லியாகவேண்டும். வழி காண்பதற்குரிய துல்லியமான கடற்கடிகாரத்தைச் செப்பனிட 15 டாலர் கேட்டார்கள் என்பதற்காக அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, முகப்பு உடைந்திருந்த காரணத்தால் ஒன்றரை டாலரிலிருந்து ஒரு டாலராக விலை குறைக்கப்பட்ட தகரக் கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு உலகைச் சுற்றியவர் அவர். சந்திரனின் தூரத்தை அளந்து தீர்க்கரேகை கணிக்கும் பழைய வித்தை அவருக்குக் கைவந்திருந்தபடியால்தான் அந்தச் சிக்கனம் சாத்தியமாயிற்று. கடல்வாழ்வில் தேர்ச்சி மிகுந்தவனுக்குச் செலவு குறைகிறது என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

இக்காலப் படகுக்காரனின் செலவு வகைகளைச் சற்றே பார்க்கலாம். உணவு பெரிய செலவன்று. கரையிலிருந்தாலும் உண்ணத்தானே வேண்டும். படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பிகளையும் பாசியையும் சுரண்டி, அவை மீண்டும் பற்றாதபடி நச்சு வர்ணம் பூசுவது ஒன்று. பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் துருவேறா எஃகுக் கம்பிகளைச் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது மற்றொன்று. வெயிலில் நைந்துபோகும் பாய்கள், டீசல் எந்திரம், மின்கலங்கள், துறைமுகக் கட்டணம், காப்புறுதி ஆகியன வேறு. படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கே போய்விடும் என்று அவர்களிடையே ஒரு வாய்க்கணக்கு வழங்குகிறது. அதைத் துல்லியமென்று கொள்வதற்கில்லை. மலிவாக வாங்கிய பழம் படகு தன் விலையையே இரண்டொரு ஆண்டில் விழுங்கிவிடுவதும் உண்டு. ஆனால் படகு நீளும்போது செலவு அதே விகிதத்தில் நீள்வதில்லை, அதைவிடப் பன்மடங்கு வேகமாக ஏறுகிறது என்பது உறுதி. நாற்பது அடிப் படகு முப்பது அடிப் படகைவிட மூன்றில் ஒரு பங்குதான் நீளம் கூடியது. எடையிலோ ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. நங்கூரமும் சங்கிலியும் பாயும் எந்திரமும் அந்த எடைக்கு ஏற்பவே பெரிதாக வேண்டியிருக்கின்றன.

இந்தக் கணிதத்தை நன்றாக உணர்ந்து அதையே வாழ்க்கை நெறியாக்கிக்கொண்டவர்கள் லின் பார்டி, லாரி பார்டி என்னும் தம்பதியர். தம் கையாலேயே கட்டி 1968-ல் நீரில் இறக்கிய 'செராஃபின்' என்ற 24 அடி 4 அங்குலப் படகில் பதினோராண்டுகள் செலவிட்டு உலகைச் சுற்றினார்கள். பின்னர் முப்பது அடிக்குச் சற்றே குறைந்த 'டாலீசின்' என்ற படகைக் கட்டி 1983-ல் இறக்கினார்கள். இரண்டிலும் எந்திரம் கிடையாது. இரவில் எண்ணெய் விளக்கு. காற்று ஓய்ந்தால் துடுப்பு. எந்திரம் இல்லாத இடத்தில் எண்ணெய்ச் செலவும் உதிரிப்பாகச் செலவும் இல்லை. அவ்விரண்டும் இல்லாதபோது ஆண்டில் சில மாதம் உழைத்தாலே போதுமென்றாயிற்று. லாரி தேர்ந்த படகுத் தச்சர்; சென்ற துறைகளிலெல்லாம் பிறர் படகுகளைச் செப்பனிட்டார். இருவருமாக மற்றவர்களின் படகுகளை ஒரு துறையிலிருந்து வேறொரு துறைக்குக் கூலிக்கு ஓட்டிச் சேர்ப்பித்தார்கள். பிறகு எழுத்தும் சேர்ந்துகொண்டது. இவர்களைப் போலவே எளிமையைச் சாஸ்திரமாக்கி நூல் எழுதியவர் ஆனி ஹில். கடல்வாழ்வுக்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று எண்ணியிருந்த அநேகர், சிறு வருமானத்தில் கடல்யாத்திரை செய்வதைப் பற்றி 1993-ல் வெளிவந்த அவருடைய நூலைப் படித்தே துணிவு பெற்றனர். சீனத்து மரக்கலங்களைப் போன்ற பாயமைப்புக்கொண்ட 'பாட்ஜர்' என்னும் மரப்பலகைப் படகில், சொற்பமான ஆனால் நிலையான வருமானத்துக்குள்ளேயே அவரும் கணவரும் அட்லாண்டிக்கின் பல மூலைகளையும் கண்டனர்.

எளிமையை இவ்வளவு தூரம் கொண்டுசெல்ல எல்லோருக்கும் மனமோ உடலோ இடந்தராது என்பதை நான் மறுக்கவில்லை. குழந்தைகளோடு செல்பவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டியும் நன்னீர் எந்திரமும் ஆடம்பரமல்ல. ஆயினும் வருமானத்துக்கு வழி தேடுமுன் தேவையைக் குறைத்துப் பார்ப்பதே சரியான வரிசை. குறைத்துக்கொண்ட ஒவ்வொரு செலவும் தேதி எதையும் குறிக்காத வருமானமாகிறது.

இனிக் கைத்தொழிலைப் பார்ப்போம். பாய் தைக்கத் தெரிந்தவர், டீசல் எந்திரம் பழுதுபார்ப்பவர், பற்றவைப்பவர், மின்சார வேலை அறிந்தவர், மரவேலை செய்பவர் ஆகிய ஐவருக்கும் படகுகள் கூடும் எந்த நங்கூரத்துறையிலும் வேலை கிடைக்காமற் போவதில்லை. பிரெஞ்சுக் கடலோடியான பெர்னார் மொய்தெஸியே 1925-ல் ஹனாயில் பிறந்து இந்தோசீனத்தில் வளர்ந்தவர். அவருடைய முதற்படகு 1952-ல் டியேகோ கார்சியாவின் பவளப்பாறையில் மோதி அழிந்தபோது, மொரீஷியஸில் இறங்கி, மூன்றாண்டுக் காலம் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து பிழைத்து, அங்கேயே இரண்டாவது படகைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். கையில் தொழில் இருப்பவனைப் படகுச் சேதமும் நிர்க்கதியாக்கிவிடுவதில்லை என்பதற்கு அவர் சாட்சி. என் கோலால் அளந்தால் இவ்வழிக்கே முதலிடம்: வேலையை ஏற்பதும் மறுப்பதும் தன் கையில்; புயற்பருவத்தில் எப்படியும் ஓரிடத்தில் ஒதுங்கிக் கிடக்கவேண்டிய ஐந்தாறு மாதங்களே சம்பாத்தியத்துக்குரிய மாதங்களாகின்றன.

ஆனால் மொய்தெஸியேயின் காலத்துத் தளர்வு இன்றைய சட்டங்களில் இல்லை. சுற்றுலா அனுமதியில் வந்து இறங்கியவர் உள்ளூரில் கூலிக்கு உழைப்பதை அநேகமாக எல்லா நாடுகளும் தடைசெய்கின்றன. உள்ளூர்த் தச்சனின் பிழைப்பில் மண் விழக்கூடாதென்ற நியாயமும் அதில் இருக்கிறது. ஒரு நங்கூரத்துறைக்குள்ளேயே அயல்படகுக்காரர்கள் தமக்குள் செய்துகொள்ளும் உதவிகளைப் பல இடங்களில் அதிகாரிகள் கண்டுகொள்வதில்லை என்பதை நம்பி ஒரு வாழ்க்கையை அமைக்க முடியாது. ஐரோப்பாவில் ஷெங்கன் உடன்படிக்கை நாடுகளில் அயலார் 180 நாளில் 90 நாளே தங்கலாம். அயல்நாட்டுப் படகோ வரியின்றிப் பதினெட்டு மாதம் இருக்கலாம். படகுக்கு உள்ள அவகாசம் படகுக்காரனுக்கு இல்லை. முறைப்படி வேலை அனுமதி பெற்றோ, குடியுரிமை உள்ள நாட்டுத் துறைமுகத்தில் ஒரு பருவம் தங்கியோ உழைப்பதே கௌரவமான வழி.

பயணிகளை ஏற்றிப் பொருளீட்டும் வழி அடுத்தது. இதில் தலைசிறந்த உதாரணம் அமெரிக்கரான இர்விங் ஜான்சனும் அவர் மனைவி எக்ஸியும் 'யாங்கி' என்ற பெயரில் அடுத்தடுத்து வைத்திருந்த இரு கப்பல்களில் 1933-க்கும் 1958-க்கும் இடையில் ஏழு முறை உலகை வலம் வந்த வரலாறு. பதினெட்டு மாதப் பிரயாணத்துக்கு இளைஞர்களும் யுவதிகளும் தத்தம் செலவுப் பங்கைச் செலுத்தி மாலுமிகளாகவே சேர்ந்தார்கள். பாய்மரத்தில் ஏறியவர்களும் தளம் கழுவியவர்களும் அவர்களே. ஒரே முறையில் கப்பலுக்குப் பணமும் வேலையாட்களும் கிடைத்தனர். கால அட்டவணை உண்டு. அதை வகுத்தவர் காற்றின் பருவங்களை நன்கறிந்த தலைவரே ஆகையால் அது கடலின் அட்டவணையோடு முரண்படவில்லை. மாணவர்களை ஏற்றிக் கடற்கல்வி புகட்டும் வழி இன்றும் மங்கிவிடவில்லை.

வாடகைக்குப் படகு விடும் தொழில் வேறு வகையானது. 1949-ல் நிக்கல்சன் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி குடும்பத்தோடு தம் பாய்க்கப்பலில் ஆன்டிகுவாத் தீவின் இங்கிலிஷ் துறைக்கு வந்து, நெல்சன் காலத்துக் கப்பல்தளம் பாழடைந்து கிடந்த இடத்தில் தங்கி, விடுமுறைக்கு வந்தவர்களைக் கட்டணத்துக்கு ஏற்றிச் சென்றதிலிருந்தே கரீபியன் கடலில் அத்தொழில் வேரூன்றியதாகக் கூறுவர். 1969-ல் பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் மூரிங்ஸ் என்ற நிறுவனம் தோன்றி, தாமே படகோட்டத் தெரிந்தவர்களுக்குப் படகை மட்டும் வாடகைக்குக் கொடுக்கலாயிற்று. இன்று தம்பதியர் பலர், கணவன் தலைவனாகவும் மனைவி சமையலுக்கு அதிபதியாகவும், அல்லது மாறியும், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கரீபியனிலும் கோடையில் மத்தியதரைக் கடலிலும் விருந்தினரை ஏற்றிப் பிழைக்கிறார்கள். இதற்குத் தகுதிச் சான்று அவசியம். அமெரிக்கக் கடற்காவல் துறை ஆறு பயணிகள்வரை ஏற்றுவதற்குத் தரும் உரிமத்துக்கே 360 நாள் கடலனுபவம் காட்டவேண்டும். பிரிட்டிஷ் முறையில் யாட்மாஸ்டர் தேர்வும் அதற்கு வணிக ஒப்புதலும் வேண்டும். பணம் நல்ல பணம்தான். விருந்தினரோ சனிக்கிழமை விமானத்தில் வந்து அடுத்த சனிக்கிழமை விமானத்தில் திரும்புபவர்கள். அவர்களுடைய ஏழு நாட்களுக்குள் காற்றும் வெயிலும் அடங்கியிருக்கவேண்டும். ஆகவே இதை ஒரு முழுத் தொழிலென்றே கொள்ளவேண்டும். இரண்டு மூன்று பருவம் உழைத்து முதல் சேர்த்துக்கொண்டு விலகுபவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. முதலீட்டு அபாயமும் சிறிதல்ல: 2017 செப்டம்பரில் இர்மா என்னும் சூறாவளி விர்ஜின் தீவுகளின் வாடகைப் படகுகளைக் குவியல் குவியலாகக் கரையில் எறிந்துவிட்டுப் போயிற்று. கிரெனடாத் தீவு சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருப்பதாக நம்பி அங்கே ஒதுங்கியிருந்த படகுகளை 2004-ல் ஐவன் தாக்கியதும் இத்தகையதே. இந்நஷ்டங்களுக்குப் பிறகு காப்புறுதிக் கட்டணம் ஏறியது. வாடகைத் தொழிலை எண்ணிப்பாராத ஏழைப் படகுக்காரனும் அந்தச் சுமையைச் சேர்த்தே தாங்குகிறான்.

எழுத்தால் வாழ்வது கடலோடிகளிடையே மிகப் பழைய கனவு. அதைச் சீராக நடத்திக் காட்டியவர்கள் எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்னும் ஆங்கிலத் தம்பதியர். 1952-ல் கட்டப்பட்ட 'வாண்டரர் III' என்ற முப்பதடிப் படகில் இருமுறை உலகைச் சுற்றிய அவர்கள், சாகசக் கதைகளை நம்பாமல், நங்கூரம் எப்படித் தேர்வது, பாய் எப்படிக் குறைப்பது, சிறு படகில் உணவுப் பொருள்களை எப்படிச் சேமிப்பது என்பனபோன்ற உபயோகமான விஷயங்களை நிதானமாக எழுதினார்கள். அந்நூல்கள் பல பதிப்புக்கள் கண்டு ஆண்டாண்டாக அவர்களைக் காப்பாற்றின. சாகசம் ஒருமுறைதான் விற்பனையாகும், அனுபவ ஞானம் திரும்பத் திரும்ப விற்பனையாகும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. மொய்தெஸியேயும் இரண்டாவது படகை 1958-ல் மேற்கிந்தியத் தீவுகளில் இழந்து பாரிஸ் சேர்ந்து, பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதிய முதல் நூல் 1960-ல் வெளிவந்தபோது, அதன் ஊதியமும், அதைப் படித்து மகிழ்ந்த ஒரு தொழிற்சாலை அதிபர் எஃகின் அடக்கவிலைக்கே படகு கட்டித்தர முன்வந்ததும் சேர்ந்து 'ஜாஷுவா' என்ற கலத்தை அவருக்கு அளித்தன. ஸ்லோக்கத்தின் பெயரையே அதற்கு இட்டார்.

இவ்வகையில் தமிழ் வாசகர்கள் அறியவேண்டிய ஒருவர் அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி நூல் எழுதிப் புகழ்பெற்ற அவர், இலங்கைக் கடலில் கண்ட பாய்க்கப்பல்களின் அழகில் ஈடுபட்டு, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்க் கம்மியர் கட்டிய 'அன்னபூரணி'யை விலைக்கு வாங்கினார். 'ஃபுளாரன்ஸ் சி. ராபின்சன்' என்று மறுபெயர் பெற்ற அக்கப்பல், வல்வெட்டித்துறைக் கடலோடிகளோடு 1938-ல் மாஸசூஸெட்ஸிலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ராபின்சன் பிறகு தாமே ஒரு கப்பல் கட்டும் தளம் நடத்தி, அங்கே கட்டிய 'வருவா' என்ற கலத்தில் 1945-ல் தாஹித்தித் தீவுக்குச் சென்று குடியேறினார். எழுத்து, தொழில், மீண்டும் கடல் என்று அவர் அமைத்துக்கொண்ட சுழற்சி, சம்பாத்தியம், பிரயாணம் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்து இரண்டிலும் களைத்துப்போவதைவிடச் சிறந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது.

பேனாவின் இடத்தை இப்போது படக்கருவி பிடித்துக்கொண்டிருக்கிறது. 2009-ல் சியாட்டில் நகரிலிருந்து புறப்பட்ட 'டெலோஸ்' படகினரும், 2014-ல் தொடங்கிய 'லா வகபாண்ட்' தம்பதியரும் யூடியூபில் தம் பிரயாணங்களைத் தொடர்ந்து வெளியிட்டு, விளம்பர வருமானத்தோடு, 2013-ல் தோன்றிய பேட்ரியான் என்னும் ஏற்பாட்டின் மூலம் ரசிகர்கள் மாதந்தோறும் தரும் காணிக்கையையும் பெற்று வாழலாயினர். பின்னவர்கள் 2019-ல் சுவீடன் நாட்டுச் சிறுமி கிரெட்டா துன்பெர்கை வர்ஜீனியாவிலிருந்து லிஸ்பனுக்கு அழைத்துச் சென்றது உலகறிந்த செய்தி. இவ்வெற்றிகளைப் பார்த்து நூற்றுக்கணக்கானோர் இதே வழியில் இறங்கியிருக்கிறார்கள்; அவர்களுள் இதனால் முழுக்க வாழ்பவர் மிகச் சிலரே. வெளியிலிருந்து காண்பவர் கவனிக்காத ஒன்று, இதற்காகும் உழைப்பு. அரைமணி நேரப் படத்துக்குப் பல நாள் தொகுப்பு வேலை வேண்டும். வாரந்தோறும் ஒன்று வெளிவராவிட்டால் பார்வையாளர் விலகுவர். கெடு இங்கே துறைமுகத்தில் இல்லாவிட்டாலும் வாரத்தின் குறித்த கிழமையில் தவறாமல் காத்திருக்கிறது. மேலும் எத்துணை அழகான தீவும் படம் எடுக்கப்பட்ட பின்னரே கண்ணால் காணப்படும் நிலை ஏற்படுகிறது. 1965-ல் பதினாறு வயதில் 'டவ்' என்ற படகில் புறப்பட்ட ராபின் லீ கிரஹாமின் பிரயாணம் நேஷனல் ஜியாக்ரஃபிக் சஞ்சிகையில் வெளிவந்து அவனைப் புகழின் உச்சியில் நிறுத்தியது; நடுவழியில் தனிமையால் மனம் சலித்த அவ்விளைஞன், 1970-ல் சுற்றுப் பூர்த்தியான பிறகு கடலைத் துறந்து மொன்டானா மலைப்பிரதேசத்துக்குக் குடிபோனான். பிரயாணத்தையே விற்பவர்களுக்குப் பிரயாணம் வேலையாகிவிடும் அபாயம் அன்றும் இருந்தது.

எல்லாவற்றிலும் கடுமையான நிபந்தனைகளோடு வருவது புரவலர் பணம். லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகை 1968-ல் நிறுவிய கோல்டன் குளோப் பந்தயத்தில், எங்கும் தங்காமல் தனியே உலகைச் சுற்றுபவர்களுள் விரைவானவருக்கு 5,000 பவுன் பரிசு; ஜூன் முதல் தேதிக்கும் அக்டோபர் 31-க்கும் இடையில் புறப்பட்டாகவேண்டும். இதில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் பெரிய படகுக்குப் புரவலர் தேடிக் கிடைக்காமல், பம்பாயில் தேக்குமரத்தால் கட்டப்பட்ட தம் சொந்தப் படகான 32 அடிச் 'சுஹேலி'யிலேயே புறப்பட்டார். மின்னணுக் கருவிகள் விற்கும் சிறு வியாபாரியான டொனால்ட் க்ரௌஹர்ஸ்ட், முயற்சி தோற்றால் படகின் விலையைத் தாமே திருப்பித்தரவேண்டும் என்ற நிபந்தனையில் ஒரு முதலாளியின் பணத்தைப் பெற்றார். வீடும் ஈடாகப் பிணைக்கப்பட்டது. வேலை முடியாத படகில், அனுமதிக்கப்பட்ட கடைசி நாளான அக்டோபர் 31 அன்று அவர் புறப்பட்டார். படகு ஒழுகிற்று, முன்னே சென்றால் மரணம், திரும்பினால் திவால். இரண்டுக்கும் அஞ்சி அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு பொய்யான நிலைக்குறிப்புக்களை அனுப்பி, கடைசியில் சித்தம் கலங்கினார். 1969 ஜூலையில் ஆளில்லாப் படகு மட்டும் கண்டெடுக்கப்பட்டது. மொய்தெஸியே தொடக்கத்திலேயே பத்திரிகையின் கட்டுப்பாடுகளுக்கு மனமிசையாமல் சேர்ந்தவர். கேப் ஹார்னைக் கடந்து, வெற்றி கைக்கெட்டும் நிலையில், பந்தயத்தைத் துறந்து பசிபிக்கை நோக்கிப் போய்விட்டார். 312 நாளில் ஃபால்மத் திரும்பிய நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே பந்தயத்தை முடித்தவர். பரிசுப் பணம் முழுவதையும் க்ரௌஹர்ஸ்டின் மனைவி மக்களுக்குக் கொடுத்துவிட்டார். க்ரௌஹர்ஸ்டின் மரணத்துக்குக் கடலைக் குறை கூற என்னால் முடியவில்லை. தயாராகாத படகில் தேதிக்காகப் புறப்படச் செய்தது கடன்.

புரவலர் பணம் யாவும் இப்படியே முடியும் என்பதல்ல. இந்தியக் கடற்படையின் ஆதரவில் 'மாதேய்' படகில் 2012–13-ல் எங்கும் தங்காமல் உலகைச் சுற்றிய அபிலாஷ் டோமி, பத்தாண்டுக்குப் பின் அரபு நாட்டு நிறுவனமொன்றின் ஆதரவோடு, இக்காலத்தில் மீண்டும் நடத்தப்படும் கோல்டன் குளோப் பந்தயத்தில் கலந்து 2023-ல் இரண்டாமிடம் பெற்றார். பந்தயத்துக்கு அப்பணம் தகும், வாழ்க்கைக்குத் தகாது.

கரையிலிருந்து வரும் பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஓய்வூதியம், வீட்டு வாடகை, முதலீட்டின் வட்டி ஆகியவை தேதி கேட்காதவை. அதனால்தான் முதியவர்கள் இவ்வாழ்வில் மிகுதியாகக் காணப்படுகிறார்கள். அரசாங்க விதிகள் இதையும் தடுக்கக்கூடும். இந்திய இராணுவத்தில் பிரிகேடியராக இருந்த மைல்ஸ் ஸ்மீட்டனும் மனைவி பெரிலும் யுத்தத்துக்குப் பின் கனடாவில் பண்ணை வாங்கியபோது, பிரிட்டனிலிருந்து பணத்தை வெளியே கொண்டுபோகத் தடை இருந்தது. பணத்தைப் படகாக மாற்றிக் கொண்டுபோய் அங்கே விற்றுவிடலாமென்று 1951-ல் 'த்ஸு ஹாங்' என்ற கலத்தை வாங்கினார்கள். விற்க மனமின்றி அதிலேயே பல்லாண்டு உலகைச் சுற்றினார்கள்.

இக்காலத்தில் தொலைவிலிருந்தே வேலை செய்யும் வழி கரைப்பணத்தின் புதிய வடிவம். 2022-ல் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைப்பு படகுகளுக்குக் கிடைக்கத் தொடங்கியதிலிருந்து, கணினி நிரல் எழுதுபவர், கணக்கர், மொழிபெயர்ப்பாளர் முதலியோர் நங்கூரத்தில் இருந்தபடியே சம்பளம் பெறுகிறார்கள். பார்படோஸ் போன்ற நாடுகள் 2020 முதல் இத்தகையோர் ஓராண்டு தங்குவதற்குத் தனி அனுமதியே வகுத்திருக்கின்றன. செய்து முடித்த வேலைக்குக் கூலி என்ற ஏற்பாடு கடலுக்கு நன்றாகப் பொருந்தும். நாள்தோறும் குறித்த மணிக்குக் கூட்டத்தில் முகங்காட்ட வேண்டிய உத்தியோகமோ, திங்கட்கிழமைக்குள் அமைதியான துறைக்குத் திரும்பிவிடவேண்டுமென்ற அவசரத்தை ஞாயிற்றுக்கிழமை மாலைக் காற்றில் கொண்டுவந்து நிறுத்தும்.

ஒரே வழியை நம்பியிருப்பவரைவிடச் சிறியனவாக மூன்று நான்கு வழிகளை வைத்திருப்பவரே நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறார் என்பது மேலே கண்ட வரலாறுகளில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. புறப்பட விரும்பும் இளைஞர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், கடனில்லாமல் வாங்கக்கூடிய அளவுக்குச் சிறிய படகையும், எந்தத் துறையிலும் செல்லுபடியாகும் ஒரு கைத்தொழிலையும், ஓராண்டுச் செலவுக்குப் போதிய கையிருப்பையும் முதலில் தேடிக்கொள்ளச் சொல்வேன். எழுத்தும் படமும் அவற்றின் மேல் வந்தால் வரட்டும்.

அநேகமாக யாரும் தொடக்கத்தில் யோசிக்காதது முதுமைக்கான பொருள். கடல்வாழ்வினரின் சொத்து பெரும்பாலும் படகு ஒன்றே. அதுவோ ஆண்டுக்காண்டு விலை குறைவது, ஓரிரவில் இல்லாமற் போகக்கூடியது. 1982 டிசம்பரில் மெக்ஸிகோவின் காபோ சான் லூகாஸ் துறையில் எழுந்த புயல் மொய்தெஸியேயின் 'ஜாஷுவா'வை வேறு பல படகுகளோடு மணற்கரையில் தூக்கியெறிந்தது. ஐம்பத்தேழு வயதில், அதை மீட்டுச் செப்பனிட வசதியின்றி அவர் கைமாற்றிவிட, நண்பர்கள் கைகொடுத்தே அவருக்கு மற்றொரு சிறு படகு அமைந்தது. எல்லோருக்கும் அத்தகைய நண்பர்கள் வாய்ப்பதில்லை. பார்டி தம்பதியர் இதை முன்கூட்டியே உணர்ந்து, உடலில் வலுவிருக்கும்போதே நியூசிலாந்தின் காவாவ் தீவில் ஒரு சிறு வீட்டையும் அதையொட்டிய படகுப் பட்டறையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடலில் இருந்த காலங்களுக்கு இடையிடையே அங்கே வந்து படகுகளைச் செப்பனிட்டும் எழுதியும் வாழ்ந்தார்கள். 2020-ல் லாரி காலமாகும்போது அந்த இடம் அவர்கள் கையில் இருந்தது.